ஐந்தாம் மாடியில் தொப்பிப் பொம்மை

சுவரே வைக்காமல் ரங்கூனில் மாடிக்கு மேல் மாடி நிற்கிறது என்று பினாங்கில் ஒரு கொத்தனார் சொன்னபோது, அவர் கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறார் என்றுதான் நினைத்தேன். முதலில் இரும்புக் கம்பியால் எலும்பு கட்டுவார்களாம். அதன்மேல் சிமெண்டையும் ஜல்லியையும் சதையாகப் போர்த்துவார்களாம். ஐந்து மாடியும் எழும்பிய பிறகு, ஆற அமரச் சுவர் வைப்பார்களாம். "சுவருக்கு அங்க என்ன வேலை? இடுப்புல வேட்டி மாதிரி. கட்டினாலும் ஆளு நிப்பான், அவுத்தாலும் நிப்பான்" என்றார் அவர்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாகப்பட்டினம் பக்கத்தில் நான் பார்த்தவரை சுவர் எழும்பாமல் கூரை எழும்பியதில்லை. அன்றிலிருந்து அந்த எலும்பு வீடு என் தலைக்குள் புகுந்துகொண்டது. கல்கத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்பு வேலை இருப்பதாகத் தகவல் வந்து, நான் ஏறிய கப்பல் அரிசி ஏற்ற ரங்கூனில் இரண்டு பகல் நிற்கும் என்று தெரிந்தபோது, அடுப்பு வேலையைவிட அந்த இரண்டு பகல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கப்பலின் மேல்தட்டில் நாலு இரவு மழை. பாயும் நனைந்தது, அவலும் நனைந்தது. நனைந்த அவலைத் தின்னத் தண்ணீர் வேண்டியதில்லை.

முதல் நாள் காலை ஆற்றுக்குள் நுழைந்தோம். தண்ணீர் கடலின் நிறத்தை விட்டுக் கரும்புச்சாறு நிறத்துக்கு மாறியது. இரு கரையிலும் அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள். இறங்கியவுடன் பசி. துறைமுக வாசலில் ஒரு பர்மியப் பெண் இரண்டு கூடைகளை நடுவில் கழிபோட்டுத் தூக்கி வந்து இறக்கி, அப்படியே கடையாக்கிவிட்டாள். முழங்கால் உயரம்கூட இல்லாத முக்காலியில் உட்கார்ந்தேன். இடியாப்பத்தை மீன் குழம்பில் போட்டு, வாழைத்தண்டு நறுக்கித் தூவிக் கொடுத்தாள். மொஹிங்கா என்று பெயராம். நம் ஊரில் வாழைத்தண்டுக்கும் மீனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இங்கே ஒரே கிண்ணத்தில் குடித்தனம் நடத்துகின்றன. மூன்றாவது கிண்ணம் கேட்டேன். அவள் ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ் வண்டிக்காரரிடம் என்ன என்று கேட்டேன்.

"கப்பல்ல ஏத்துற அரிசியெல்லாம் இந்த ஆளு வயித்துலதான் ஏத்துறாங்களான்னு கேக்குது" என்றார்.

வயிறு நிறைந்ததும் ஸ்டிராண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். இந்தப் பட்டணம் அப்போதுதான் எழுந்து நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் மூங்கில் சாரம். தஞ்சாவூர்க் கோயிலைக் கட்டும்போது இப்படித்தான் தெருவெல்லாம் தூசி பறந்திருக்கும் என்று தோன்றியது. கட்டி முடிந்த கோயிலைத்தான் நாம் பார்த்தோம். கட்டுகிறபோது பார்ப்பது வேறு மாதிரி.

போட்டாதாங் படகுத்துறைக்குச் சற்று இப்பால் நான் தேடி வந்தது நின்றது. ஒரு பெரிய கம்பெனிக்கு ஆபீஸாம். கீழே இரண்டு மாடிக்கு மட்டும் சுவர் வைத்திருந்தார்கள். மேலே மூன்று மாடியும் வெறும் தூண், வெறும் தளம். ஆகாயம் ஆற்றுப்பக்கம் நுழைந்து தெருப்பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. பினாங்குக் கொத்தனாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வாயைத் திறந்துகொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு டிராம் வண்டி முதுகுக்குப் பின்னால் மணியடித்து, ஓட்டுநர் திட்டிய பிறகுதான் தண்டவாளத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது.

உச்சியில், தெருவைப் பார்த்த மூலையில், ஒரு மூங்கில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கழுத்தில் கயிறு கட்டி வைக்கோல் பொம்மை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கண் படாமலிருக்கத்தான். கடல் தாண்டி வந்து இரும்பு எலும்பு கட்டுகிறவர்களும் திருஷ்டிப் பொம்மையை விடவில்லை என்று எனக்கு ஒரே சிரிப்பு. பொம்மைக்கு வெள்ளைக் கால்சட்டை, தலையில் துரைமார் போடும் தக்கைத் தொப்பி.

வாசலில் தாடி வைத்த வடநாட்டுக் காவல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தர்வான் என்று அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் பேசினேன்.

"மேலே போய்ப் பார்க்க வேண்டும்."

"எதற்கு?"

"சும்மா பார்க்கத்தான்."

"பார்க்க இங்கிருந்தே பார். கண் இருக்கிறதல்லவா?"

அதற்குமேல் அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் நான் உயரமான இடமாகத் தேடி அலைந்தேன். ஒரு பெரிய துணிக்கடையில் லிப்டு என்ற மின்சாரக் கூண்டு இருந்தது. உள்ளே நின்றால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. வயிறு மட்டும் கீழேயே நின்றுவிட்டுப் பிறகு ஓடி வந்து சேருகிறது. மூன்று முறை ஏறி இறங்கினேன். நாலாம் முறை கூண்டை ஓட்டுகிறவன், "ஏதாவது வாங்கு, இல்லாவிட்டால் படியில் நட" என்றான். நடந்தேன்.

திரும்பும்போது ஆசைக்கு லாஞ்சா ஏறினேன். மனிதர் இழுக்கும் கைவண்டிக்கு இங்கே அதுதான் பெயர். இழுத்தவர் தெலுங்குக்காரர், என்னைவிட மெலிந்தவர். பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று சாக்கடைக்கு உருண்டது. நான் போய் அதை எடுத்து வந்து, அவர் மாட்டும்வரை வண்டியைத் தோளில் தாங்கி நின்றேன். அந்த வழியாகக் குடை பிடித்து வந்த ஒரு கனத்த சீமான், "சூலே பகோடா போ" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டார். தெலுங்குக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு இருமல் வேறு. சூலே புத்தர் கோயில் வரை நானே இழுத்தேன். கூலியை அவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் விடிந்ததும் மறுபடி அந்தக் கட்டிடத்துக்கே போனேன். கூலியாளாகப் புகுந்தாவது மேலே போய்விடுவது என்று முடிவு. ஆனால் வாசலில் தர்வான் இல்லை, அவரும் உள்ளே போயிருந்தார். உள்ளே அறுபது பேருக்குக் குறையாமல் கூடி நின்றார்கள். சிமெண்டுப் பீப்பாய்கள் திறந்திருந்தன. ஜல்லி குவிந்திருந்தது. ஒருவரும் வேலை செய்யவில்லை.

கூட்டத்தின் நடுவே மீசைக்காரர் ஒருவர் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். வைரவன் மேஸ்திரி. இராமநாதபுரத்துக்காரர், ஆட்களெல்லாம் அவர் கூட்டி வந்தவர்கள். பக்கத்தில் பட்டுத் தலைக்கட்டும் லுங்கியுமாக ஒரு பர்மியர். கணக்கப்பிள்ளை கோ தான் மௌங். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவராம். என்ன நடந்தது என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

"துரை காலைல வந்துச்சு. மேல பாத்துச்சு. மூஞ்சி இப்படிச் சிவப்பு. அது என் தொப்பி, என் கால்சட்டை, என்னைத் தூக்குல போட்டீங்களான்னு கேட்டுச்சு. பதினொரு மணிக்கு மறுபடி வரும். அப்ப அது அங்க தொங்கினா, அறுபது பேரும் வெளிய. மேஸ்திரி போலீசுக்கு."

அந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் கூட்டம், கோஷம். துரைமாரைப் போல வைக்கோலில் உருவம் செய்து நாற்சந்தியில் கொளுத்துவதும் உண்டு. தன் தொப்பியைக் கயிற்றில் பார்த்த எஞ்சினியர் துரை வேறு என்ன நினைப்பார்?

"நெசமாவே அவரு தொப்பிதானா?" என்று கேட்டேன்.

"அவரு ஓட்டைன்னு தூக்கிப் போட்டது" என்று ஒரு பெண் குரல் வந்தது. சித்தாள் பாக்கியம். பொம்மை கட்டியவள் அவள்தான். அவள் புருஷன் கம்பி கட்டுகிறவன். போன மாதம் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அதற்குப் பிறகுதான் பொம்மை ஏறியது. அது ஏறிய நாளிலிருந்து ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றாள்.

"சரி, கழட்டிட வேண்டியதுதானே?"

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரு கழட்டுறது?" என்றார் மேஸ்திரி. "தளம் முடியுறதுக்கு முந்தி நம்ம ஆளு கைய வச்சா, அம்புட்டுக் கண்ணும் அவன் தலையிலதான் எறங்கும். நானே ஏறிருவேன் தம்பி. மூணு பொம்பளப்புள்ளைக இருக்கு."

சீனத் தச்சர்களைக் கேட்டுப் பார்த்தார்களாம். அவர்கள் சிரித்துக்கொண்டே தூரப் போய்விட்டார்கள். கோ தான் மௌங்குக்கு இரண்டாம் மாடியிலேயே தலை சுற்றுமாம்.

நேற்றுக் கேட்டும் கிடைக்காத மேல்மாடி தானாக என் முன்னால் வந்து நின்றது.

"நான் ஏறுறேன். நாளைக்குக் காலையில எனக்குக் கப்பல்."

பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கப்பல்ல போயிருவீகளா? திரும்பி வர மாட்டீகளா?"

"கல்கத்தா போறேன்."

"அப்பச் சரி. கண்ணு கடல் தாண்டாது. ஏறுங்கண்ணே. கத்தி மட்டும் படக் கூடாது, முடிச்சத்தான் அவுக்கணும்."

ஏறினேன். மூங்கில் சாய்தளம் ஒன்று மாடிக்கு மாடி வளைந்து போயிற்று. இரண்டாம் மாடி வரை வீட்டுக்குள் போவது போலிருந்தது. மூன்றாவதில் சுவர் விட்டுப்போய்க் காற்று வந்து மோதியது. தூணைத் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி. ஆனால் கல்லில் கல் சேர்ந்த கோடு இருக்கும், இதில் இல்லை. தூணும் உத்தரமும் தளமும் ஒரே உடம்பு. பலகையின் வரிகள்கூட அதில் அச்சாகப் பதிந்திருந்தன. ஐந்தாம் மாடிக்கு மேலே கடைசித் தளத்துக்குப் பலகை அடித்துக் கம்பி பின்னி வைத்திருந்தார்கள். பாய் பின்னியதுபோல் அவ்வளவு நேர்த்தி. அதன்மேல் நின்றேன்.

அம்மாடி! ஒரு பக்கம் ஆறு, அதில் என் கப்பல் தீப்பெட்டி அளவு. சூலே பகோடாவின் நுனி தொட்டுவிடலாம் போல் இருந்தது. தூரத்தில் ஷ்வேடகோன் பொன்கோபுரம் வெயிலில் பிடித்த தீ மாதிரி எரிந்தது. நடுவில் தகரக் கூரைகள், ரயில் புகை, அங்கங்கே என்னைப்போலவே பாதியில் நிற்கும் எலும்புக் கட்டிடங்கள். கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினேன். கீழே யாரோ, "விழுந்துட்டானா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பொம்மை தொங்கிய மூங்கில் ஓர் ஆள் நீளம் வெளியே நீட்டியிருந்தது. மழையில் நனைந்த தேங்காய்நார்க் கயிறு ஊறி, முடிச்சு இறுகிப்போயிருந்தது. மூங்கிலைக் கட்டிப் பிடித்துக் குப்புறப் படுத்து நகர்ந்தேன். கீழே தெருவில் லாஞ்சாக்கள் எறும்பாகப் போயின. மூங்கில் வளைந்தது, முறியவில்லை. முடிச்சை நகத்தால் முடியாமல் பல்லால் அவிழ்த்தேன். பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தபோது தொப்பி என் கன்னத்தில் இடித்துக்கொண்டே வந்தது. முழங்கை இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

கீழே இறங்கினால் எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். பொம்மையைத் தரையில் போட்டதும், கையில் கலவைச் சட்டி வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

"இப்ப என்னய்யா?" என்று மேஸ்திரி அலறினார்.

"பொம்மை இல்லாம யாரும் ஏற மாட்டோம்" என்றாள் பாக்கியம்.

"ஏலே, இன்னைக்குக் கடைசித் தளம்! ஆரம்பிச்சா நிறுத்தாமக் கொட்டணும். துரை வர்றப்பக் கலவை ஓடலைன்னா அதுக்கும் வெளிய போகச் சொல்லுவான்!"

"போகச் சொன்னா உசுரோட போவோம்."

தொங்கினாலும் வேலை போகும், தொங்காவிட்டாலும் போகும். மேஸ்திரி மறுபடி தலையில் கை வைத்தார். வேறு உடுப்பு மாட்டித் தொங்கவிடலாமே என்றேன். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. புதுத்துணி ஆகாது. மனுஷன் உடுத்தி, வேர்வை ஊறின துணியாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண் அதை ஆள் என்று நம்பும். ஆனால் யாருடைய துணியோ, அவன்மேல் கண் இறங்கும்.

"அப்ப துரை கோபப்பட்டது நியாயந்தானே?" என்றேன். "கண்ண அவர் மேலதானே ஏவி விட்டிருக்கீங்க?"

பாக்கியம் சற்றும் தயங்கவில்லை. "அவருக்கென்னண்ணே? வெள்ளைக்காரனக் கண்ணு ஒண்ணும் பண்ணாது. எம்புட்டுப் பேரு பாக்குறோம், எதாச்சும் ஆகுதா?"

யாருடைய துணியை மாட்டுவது என்று பேச்சு எழுந்தது. எல்லோர் கண்ணும் கோ தான் மௌங்கின் பட்டுத் தலைக்கட்டின் மேல் போயிற்று. அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "என் தலை என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். தர்வானின் தலைப்பாகையை ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். தர்வான் தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவ்வளவில் அந்தப் பேச்சு முடிந்தது. "மேஸ்திரி, ஒங்க துண்டு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எவன்டா அவன்?" என்று மேஸ்திரி எழுந்தார். ஒருவனும் அவன் இல்லை.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. என் உடம்பில் இருந்தது பினாங்கில் எடுத்த சிவப்புக் கோடு போட்ட சட்டை. இருந்ததே அது ஒன்றுதான். தலையில் ஒரு மஞ்சள் துண்டு. வேர்வைக்கு அதில் குறைவில்லை. நாலு இரவு மழை நனைத்தும் அது போகவில்லை. கழற்றிப் பாக்கியத்திடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "நெசமாத்தான் குடுக்குறீகளா? மனசு குறையாமக் குடுக்கணும்."

"கடல் தாண்டாதுன்னு நீதானே சொன்ன?"

"தாண்டாதுதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தாண்டாதுன்னுதான் சொல்லுவாக" என்றாள்.

அதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் கையை இழுக்கவில்லை. அவள் புருஷன் படுத்திருக்கிறான். இந்த அறுபது பேரும் வீதிக்கு வந்தால் அவனுக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? எனக்குச் சட்டைதானே போகிறது.

சட்டையை மாட்டி, துண்டை என்னைப் போலவே சாய்வாகக் கட்டி, காலுக்குச் சாக்கைச் சுற்றினாள். கயிற்றைக் கழுத்தில் போடாமல் கக்கத்தில் போடச் சொன்னேன். இனி அது என் கழுத்து. நானே தூக்கிக்கொண்டு போய்க் கட்டினேன். இந்த முறை மூங்கிலில் ஊர்வது பழகியிருந்தது. இறங்கி வருவதற்குள் கீழே மண்வெட்டிகள் இரும்புத் தகட்டில் கரகரவென்று புரள ஆரம்பித்திருந்தன. தரையிலிருந்து உச்சி வரை வரிசையாக ஆட்கள். சட்டி கைக்குக் கை தாவி மேலே போக, வெறும் சட்டி மறுபக்கம் இறங்கி வந்தது. தாளம் மட்டும் கேட்டது.

பதினொரு மணிக்கு எஞ்சினியர் வந்தார். புதுத் தொப்பிக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டையில்லாமல் நின்ற என்னைப் பார்த்தார். கோ தான் மௌங்கைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டார். பேசியதைக் கோ தான் மௌங் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"அது யாருன்னு கேக்குது. நீதான்னு சொன்னேன். உன்னைக் கட்டித் தொங்கவிட்டதுல உனக்குக் கோபம் இல்லையான்னு கேக்குது."

"இல்லைன்னு சொல்லுங்க. அங்கேருந்து ரங்கூன் முழுக்கத் தெரியுது. நான் நாளைக்குப் போயிடுவேன், அது இருந்து பாக்கட்டும்."

அவர் சொன்னார். எஞ்சினியர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த தன் பழைய தொப்பியை எடுத்து, ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தளத்தைப் பார்க்க மேலே போய்விட்டார். மேஸ்திரி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு, "என்ன வேடிக்கை பாக்குற? சட்டியப் புடி" என்றார்.

பிடித்தேன். மாலை விளக்கு வைக்கும்வரை வரிசையில் நின்றேன். ரங்கூன் ஸ்டிராண்டு ரோட்டில் ஓர் ஐந்து மாடிக் கட்டிடத்தின் உச்சித் தளத்தில் எத்தனையோ சட்டி என் கை பட்டுப் போனது. முதுகு வெயிலில் உரிந்தது. சிமெண்டு விரல் இடுக்கைத் தின்றது. முடிந்ததும் பாக்கியம் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பில் பர்மியர்களின் ஙப்பி என்னும் மீன் விழுதைக் கரைத்திருந்தாள். வாடை தெருக்கோடி வரை போகும். ருசி அதைவிடத் தூரம் போகும்.

"கல்கத்தாவுல வேற சட்டை எடுத்துக்கங்கண்ணே" என்றாள். "போனத எண்ணிக்கிட்டுக் கெடக்காதீக."

மூன்றாம் நாள் காலை நீரேற்றத்தில் கப்பல் புறப்பட்டது. ரங்கூனில் புதிதாக ஏறிய ஜவுளிக் கணக்கர் ஒருவர், திருப்பத்தூர்க்காரர், என் பக்கத்தில் பாய் விரித்திருந்தார். கப்பல் நடு ஆற்றில் திரும்பியபோது கரைப்பக்கம் முழுதும் எங்களுக்கு நேராக வந்தது. புதுத் தளம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று நின்றது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"அடடா, அந்த உச்சியில பாருங்க. சிவப்புக் கோட்டுச் சட்டை போட்டுக்கிட்டு. யாருங்க அது?"

"நான்தான்" என்றேன்.

அவர் என் வெற்று மார்பையும், உரிந்த முழங்கையையும், சிமெண்டு அப்பிய தலைமயிரையும் பார்த்தார். பிறகு எழுந்து, பாயைச் சுருட்டி, நாலு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கல்கத்தா வரை எனக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.